லிபாட்டி வாசிக்காத ஷொப்பன்

பெரிய பியானோக் கலைஞர் ஒருவரின் பழைய ஒலிநாடா, எங்கோ ஒரு வானொலி நிலையத்து அலுமாரியில் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால், தேடிப் பிடித்து முதல் ஆளாகக் கேட்கிறவன் நான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வந்து இடறும். ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. போலந்து நாட்டுப் பியானோக் கலைஞர். இசையமைப்பாளர் ஷொப்பனின் பெயரில் 1949இல் வார்சாவில் நடந்த பியானோப் போட்டியில் பெல்லா டவிடோவிச்சுடன் முதற் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படியைக் கொன்செர்ட்டோ என்பார்கள். இவர் வாசித்த ஷொப்பனின் முதலாவது பியானோ கொன்செர்ட்டோவைத்தான், டினு லிபாட்டி என்ற பெரும் பியானோக் கலைஞர் வாசித்தது என்று சொல்லி 1966இல் இ.எம்.ஐ. நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அதற்குப் பிறகு 15 வருடம் உலகம் அதை லிபாட்டி என்றே நம்பிக் கேட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் நிபுணர்கள் ஏமாந்து போனதில்தான் வந்து நிற்பார்கள். பெரிய காதுகள் எல்லாம் பெயரைப் பார்த்து மயங்கிவிட்டன, பாருங்கள் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. அந்த 15 வருடத்துப் பாராட்டு யாருக்குச் சேரவேண்டியது, அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என்னை உறுத்துகிறது. நெடுநாளாக மனதில் கிடந்த இந்த விஷயத்தை, வெள்ளவத்தையில் என் பியானோ ரீச்சர் வீட்டில் ஒரு பின்னேரம் நடந்தது கிளறிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

லிபாட்டி என்றால் ஏன் அப்படி ஒரு பசி என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1917இல் புக்கரெஸ்ட்டில் பிறந்தவர். பதின்ம வயதில் வியன்னாப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள்; அது அநியாயம் என்று சொல்லி நடுவர் குழுவிலிருந்தே விலகினார் பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் அல்ஃப்ரெட் கோர்ட்டோ. பிறகு பாரிசில் அதே கோர்ட்டோவிடம்தான் லிபாட்டி படித்தார். எதையும் அவசரப்பட்டு மேடைக்குக் கொண்டுவராதவர். பேத்தோவனின் எம்பரர் கொன்செர்ட்டோவைத் தயார்செய்ய நான்கு வருடம் வேண்டும் என்று கேட்டவர் என்பார்கள். ஹொட்ஜ்கின் நோய் என்ற ஒருவகைப் புற்றுநோய் அவருக்கு அந்த நான்கு வருடத்தைக் கொடுக்கவில்லை. 1950 டிசம்பர் 2ஆம் திகதி ஜெனீவாவில் இறந்தபோது வயது 33. அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரு சில இறுவட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கடைசி வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கும். கோர்ட்டிசோன் அப்போது புது மருந்து. அது கொடுத்த தெம்பில் ஜூலை மாதம் ஜெனீவாவில் ஷொப்பனின் 14 வோல்ட்ஸ் நடன உருப்படிகளையும், பாக்கின் முதலாம் பார்ட்டிட்டாவையும், மொசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டாவையும் ஒலிப்பதிவு செய்து முடித்தார். செப்டெம்பர் 16ஆம் திகதி பிரான்ஸில் பெசான்சோன் என்ற ஊரில் கச்சேரி. மருத்துவர் வேண்டாம் என்றும் போனார். அந்தப் பதிவில், முதல் உருப்படிக்கு முன்னால் அவர் விசைகளில் சும்மா விரல்களை ஓடவிட்டுப் பார்ப்பதும் விழுந்திருக்கிறது. நான் அந்தச் சில விநாடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். ஒரு மனிதர் கதிரையில் சரியாக உட்கார்ந்து, இன்று கை எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சத்தம் அது. அன்று 13 வோல்ட்ஸ் வாசித்தார். 14ஆவதுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாக்கின் கோரல் ஒன்றை வாசித்துவிட்டு எழுந்துவிட்டார். அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி.

இப்படிப் போன ஒருவரின் இன்னொரு நாடா கிடைத்துவிட்டது என்று 1966இல் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதுவும் ஷொப்பனின் ஈ மைனர் கொன்செர்ட்டோ, மேலே சொன்ன அதே முதலாவது கொன்செர்ட்டோ. அவர் அதை சுவிற்சர்லாந்தில் மேடையில் வாசித்தது உண்மை. ஸ்டூடியோவில் பதிந்ததே இல்லை. வெளியான தட்டில் இசைக்குழுவின் பெயரும் நடத்துனரின் பெயரும் தெரியாது என்றே இருந்தது. அந்த வெற்றிடமே ஆட்களைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். ஆனால் எவர் வீட்டிலோ யாரோ வானொலியிலிருந்து பிடித்து வைத்த நாடா என்றால் பெயர் இல்லாமல் இருப்பதும் இயல்புதானே. ஆசை இருக்கும் இடத்தில் இப்படி ஒரு நியாயம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது.

ரீச்சர் வீட்டுத் தட்டு

ரீச்சர் வீடு காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கடல் காற்றுக்கு அங்கே இரும்பு எதுவும் தாக்குப் பிடிக்காது. பியானோவின் கம்பிகள் துரு ஏறும், மரம் ஊதும், மழைக்காலத்தில் அழுத்திய விசை திரும்ப எழும்பாது. அதற்காகப் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன மின்குமிழை இரவும் பகலும் எரியவிட்டிருப்பார். பெடலுக்குக் கிட்டே கால் வைத்தால் அந்தச் சூடு முழங்காலில் படும். லண்டன் பரீட்சைகளுக்காக என்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சூட்டில் உட்கார்ந்து ஸ்கேல் வாசித்திருக்கிறோம். வாசித்து முடித்த பிறகு, நன்றாக வாசித்தவர்களுக்கு மட்டும், அந்தத் தட்டைப் போடுவார்.

அவருடைய தமையன் எழுபதுகளில் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. லிபாட்டி, ஷொப்பன், ஈ மைனர். உறையின் ஓரங்களில் பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் புள்ளிகள். ரீச்சர் தட்டை உள்ளுறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பையும் நடுவிலுள்ள லேபிளையும் தவிர வேறெங்கும் விரல் படாது. பழைய மல்வேட்டித் துண்டு ஒன்றை இதற்கென்றே மடித்து வைத்திருப்பார். அதனால் சுற்றிவர ஒருமுறை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பிறகுதான் ஊசியை இறக்குவார். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை.

83 கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. பியானோ, நோட்டுப் புத்தகங்கள், தட்டுகள் எல்லாம் போயின. இந்த ஒன்று தப்பியது, நுகேகொடையில் இருந்த ஒரு சிங்கள மாணவி அதைக் கேட்பதற்கு இரவல் வாங்கிப் போயிருந்ததால். கலவரம் அடங்கிய பிறகு அந்தப் பெண்ணும் தகப்பனும் தட்டை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, ரீச்சர் தங்கியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு முந்திய வாழ்க்கையில் இருந்து ரீச்சரிடம் மிஞ்சிய ஒரே தட்டு இதுதான். இப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. கேட்கிறவர்களிடம் எல்லாம் "என்னட்டை லிபாட்டி இருக்கு" என்றுதான் சொல்வார்.

1981

அந்த வருடத்தைச் சொன்னால் நமக்கு யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவுதான் முதலில் வரும். ஆனால் இந்த ஒலிப்பதிவின் உண்மை வெளிவந்ததும் அதே 1981இல்தான். பி.பி.சி. வானொலி இந்தத் தட்டை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்த நேயர் ஒருவருக்கு, இது தன்னிடம் உள்ள இன்னொரு தட்டைப் போலவே இருக்கிறதே என்று தோன்றியது. 1950களில் செக்கோஸ்லோவாக்கியாவின் சுப்ராஃபோன் நிறுவனம் வெளியிட்ட தட்டு அது. வாக்லாவ் ஸ்மெட்டாச்செக் நடத்திய செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். இரண்டும் ஒன்றேதான்.

ஒரு சாதாரண நேயர் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. விமர்சகர் ஒருவர் ஒரு தட்டை ஒருமுறை, இரண்டு முறை கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டில் பத்துத் தட்டு வைத்திருப்பவர் அந்தப் பத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார். எந்த இடத்தில் இடது கை ஒரு நூல் பிந்துகிறது, எந்த இடத்தில் புல்லாங்குழல் மூச்செடுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரீச்சரும் அப்படித்தான். சுப்ராஃபோன் தட்டு மட்டும் கொழும்பில் அவர் கையில் கிடைத்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து நடந்தது இன்னும் பெரிய விஷயம். இந்தச் சர்ச்சை எழுந்ததால்தான் உண்மையான பதிவு வெளியே வந்தது. சுவிற்சர்லாந்தில் தனிப்பட்ட ஒருவர் சேர்த்து வைத்திருந்த நாடாக்களுக்குள் லிபாட்டி வாசித்த அதே கொன்செர்ட்டோ இருந்தது. 1950 பெப்ரவரி 7, சூரிச், ஒட்டோ அக்கர்மன் நடத்திய டோன்ஹாலே இசைக்குழு. இந்த முறை திகதி, இடம், நடத்துனர் எல்லாமே இருந்தன. அன்றைய கச்சேரியின் கடைசியில் வாசித்த ஷொப்பன் உருப்படிகள்கூட மிஞ்சியிருந்தன. தரம் மோசம்தான். இரைச்சல் உண்டு, இசைக்குழு எங்கோ தூரத்தில் நிற்கிறது. ஆனால் பியானோ வந்து சேர்ந்தவுடன் யாருடைய கை என்று கேட்கத் தேவையில்லை. சுரங்கள் ஒவ்வொன்றும் கழுவி வைத்தது போலத் துலக்கமாக விழும். எங்கேயும் நான் எவ்வளவு அழகாக வாசிக்கிறேன் பார் என்ற நிமிர்வு இல்லை.

சரி, இதையெல்லாம் நான் வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகு ரீச்சரிடம் சொல்வதா, விடுவதா என்ற கேள்வி வந்தது. என் மனைவி வேண்டாம் என்றாள். இந்த வயதில் அவருடைய ஒரே தட்டின் பெயரைப் பறித்து உனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. ஆனால் ரீச்சர் எனக்குக் கற்றுத் தந்தது முதலில் கேட்பதை. வாசிப்பது அதற்குப் பிறகுதான். தெரிந்துகொண்டே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓமோம் லிபாட்டி என்று தலையாட்ட என்னால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ச் சொன்னேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே முழுவதையும் கேட்டார். இடையில் மறிக்கவில்லை. அவர் கலங்குவார் என்று நினைத்து நான் சொற்களைத் தேடித் தேடி வைத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி இது:

"அப்ப அந்தப் பிள்ளை யார், தம்பி?"

சொன்னேன். போலந்து, வார்சாப் போட்டி, முதற் பரிசு எல்லாம் சொன்னேன். சின்ன வயதில் பாரிசுக்குப் போய் அவரும் கோர்ட்டோவிடம் படித்திருக்கிறார் என்றதும் ரீச்சரின் முகம் மலர்ந்தது. "அதுதானே! ஒரே இடத்துத் தண்ணி" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா, உன்ரை வாசிப்பைத்தான் நாங்கள் எல்லாரும் உருகி உருகிக் கேக்கிறம் எண்டு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் ஒருவரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் ஏமாந்தவர்களின் பக்கத்திலிருந்து கதை சொன்னார்கள். ரீச்சர் நேரே வாசித்தவரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அப்புறம், "சரி, அந்த மனுசன் வாசிச்சதையும் வை பாப்பம்" என்றார். கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்து சூரிச் பதிவைப் போட்டேன். தட்டையும் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். முதலில் லிபாட்டி, பிறகு ஹலினா, திரும்ப லிபாட்டி என்று இரண்டாவது பகுதியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டோம். ரொமான்ஸ் என்று ஷொப்பன் பெயர் வைத்த பகுதி அது. வயலின்கள் எல்லாம் மியூட் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் தொடங்கும், அதற்குமேல் பியானோ தனியே பாட வரும். ரீச்சரின் வலது கை மடியில் அந்த விரலடைவை வாசித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பு தெளிவானது. மூன்றாவது பகுதியில், கிராகோவியாக் என்ற அந்தப் போலந்து ஆட்டத்தில், லிபாட்டிக்குக் கிட்ட யாரும் வர முடியாது. ஆனால் ரொமான்ஸ் அந்தப் பிள்ளையுடையது. "இந்த இடத்திலை இவ அவசரப்படேல்லை பார். அவருக்குக் கொஞ்சம் நேரம் போதாமல் இருந்திருக்கு."

நான் ஒத்துக்கொள்கிறேனா? முழுவதுமாக இல்லை. எனக்கு ரொமான்ஸிலும் லிபாட்டிதான். ஆனால் இந்த இரண்டையும் இரண்டு பேருடைய வாசிப்பாக வைத்து ஒப்பிட்டு, ஒருவருக்கு இதையும் மற்றவருக்கு அதையும் கொடுத்த ஒரு தீர்ப்பை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த வீட்டில்தான். உண்மை தெரிந்த மறுநாளே ஹலினாவின் வாசிப்பைச் சாதாரணமானது என்று ஒதுக்கிவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நேற்றுவரை தெய்வீகமாக இருந்த அதே சுரங்கள், பெயர் மாறியதும் எப்படிக் குறைந்துபோகும்? ஹலினா 2001 வரை உயிரோடு இருந்தார். உண்மை வெளிவந்த வருடத்தில் அவருக்கு வயது 58. கச்சேரி செய்துகொண்டிருந்த கலைஞர். திருத்தம் எழுதியவர்கள் லிபாட்டியின் பெயரை அழித்ததோடு நின்றுவிடாமல், ஹலினாவின் பெயரை அதே பெரிய எழுத்தில் போட்டு, அந்தப் பழைய புகழ்மாலைகளையும் அவருக்கே சூட்டியிருக்க வேண்டும்.

2007இல் ஜொய்ஸ் ஹட்டோ விவகாரம் வந்தபோதும் இதே கதைதான். மற்றவர்களின் இறுவட்டுகளை எடுத்து, பியானோக் கலைஞரான ஹட்டோவின் வாசிப்பு என்று அவருடைய கணவர் விற்றிருந்தார். ஒரு இறுவட்டைக் கணினியில் போட்டபோது அது லாஸ்லோ சைமன் என்ற வேறொரு பியானோக் கலைஞரின் பெயரைக் காட்டியதால் குட்டு வெளிப்பட்டது. அது மோசடி, இது தவறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இன்றைக்கும் ஹட்டோவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் உருப்படிகளை லாஸ்லோ சைமன் வாசித்ததை, அவருடையது என்று தெரிந்தே தேடிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெயரும் சத்தமும்

கொழும்பில் இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. கில்ஃபர்ட் கிரசென்ட்டில் உள்ள லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகாதவர்கள் குறைவு. அந்த லயனல் வென்ட் லண்டனில் படித்த தேர்ந்த பியானோக் கலைஞர் என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். புகைப்படக்காரர் என்றே எல்லோரும் அறிவார்கள். 1944இல் 44 வயதில் இறந்துவிட்டார். 1934இல் வந்த சோங் ஒஃப் சிலோன் ஆவணப்படத்தில் பின்னணிக் குரல் அவருடையது. அதனால் அவருடைய பேச்சு என் காதில் இருக்கிறது. அவர் வாசித்த ஒரு சுரத்தைக்கூட நான் கேட்டதில்லை. அவருக்குக் கட்டடத்தின் முகப்பிலேயே பெயர் நிலைத்துவிட்டது, வாசிப்புத்தான் எனக்குக் கிடைக்கவில்லை. ஹலினாவின் வாசிப்பு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது, பெயர் கூடப் போகவில்லை. எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால் வென்ட்டின் இழப்புத்தான் பெரியது, அதைத் திருத்தவே முடியாது. ஹலினாவின் இழப்பைத் திருத்தலாம். திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரீச்சரின் கேள்வியோடு வீட்டுக்கு வந்த நான் முதலில் தேடியது பியானோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை. என் பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த கசெற் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெரிய ரீல் நாடாவில் பிடித்ததைப் பிறகு கசெற்றுக்கு மாற்றியது. மேலே நீல மையில் "தெட்சணாமூர்த்தி தவில், தேர்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று நான் விளக்கத் தேவையில்லை. 1975இல், இன்னும் எவ்வளவோ வாசித்திருக்க வேண்டிய வயதில் போய்விட்டார். அவர் கைபட்ட நாடா என்றால் கனடாவிலிருந்தும் ஆட்கள் கேட்டு எழுதுவார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டும்போது, "இந்த இடம், இந்த இடம்" என்று பெரியப்பா விரலை உயர்த்திக் காட்டுவார்.

ஆனால் தேர்த் திருவிழாவில் ஒரு தவில் மட்டும் நிற்பதில்லையே. தவில்கள் மட்டும் முழங்கும் 'தனி'யில் இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்கிறார், கொடுத்த கணக்கை வாங்கி இரட்டித்துத் திருப்பிக் கொடுக்கிறார். பெரியப்பா விரலை உயர்த்திய இடங்களில் பாதி இந்த இரண்டாவது ஆளுடையதாக இருந்தால்? கசெற்றின் மேல் அவருக்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வயதான தவில் வித்துவான் ஒருவர் இருக்கிறார். கசெற்றைக் கணினியில் ஏற்றி, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கேட்கக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தொடையில் தாளம் போட்டார். "வலந்தலையை விடும், தொப்பிப் பக்கம் கேளும்" என்றார். வலந்தலை கையால் வாசிக்கும் பக்கம், தொப்பி கழியால் அடிக்கும் பக்கம். அந்தக் கழி விழுகிற இடத்தைக் காட்டித் தந்தார். ஒருவருடைய கழி தோலில் பட்டவுடன் எழும்பிவிடுகிறது. மற்றவர் அதை ஒரு கணம் அழுத்தி வைத்து, சத்தத்தை அடக்கி எடுக்கிறார். அதைக் கேட்கப் பழகியதும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பிரிந்து வந்தார்கள். பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்த அந்தப் பெரிய மோரா, அதாவது முத்தாய்ப்பு, தெட்சணாமூர்த்தியுடையதுதான். அதற்கு முன்னால் வரும் நீண்ட நடையும், நான் சின்ன வயதிலிருந்து வாயால் சொல்லித் திரிந்த சொற்கட்டும் மற்றவருடையவை.

யார் அவர் என்று கேட்டேன். வித்துவான் ஒரு பெயரைச் சொன்னார். நிச்சயமா என்றதற்கு, "எனக்கு நிச்சயம். ஆனா நீர் இன்னொருத்தரிட்டையும் கேட்டுப் போட்டு எழுதும்" என்றார். அளவெட்டியில் அந்தக் காலத்துச் செட்டில் நின்றவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று அறிந்து அவருடைய மகனுக்கு ஒலிக்கோப்பை அனுப்பியிருக்கிறேன். தகப்பனுக்குக் காது கொஞ்சம் மந்தம், காலையில்தான் தெளிவாகக் கேட்கும், ஆறுதலாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். அவரும் அதே பெயரைச் சொன்னால், கசெற்றில் பெரியப்பாவின் எழுத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, இங்கே பதிவிலும் போடுவேன்.